சகலையின் கிரீஸ்

ஜனவரி 12

அன்பு மாப்ளைக்கு,

உன் பெரிய அத்தான் எழுதறது. நானும் உன் பெரியக்காவும் சௌக்கியம். குளிருக்கு என் தோள்பட்டை மட்டும் அப்பப்ப முனகுது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்ல அந்த லேப்லயே பாயைப் போட்டுட்டியா?

போன வியாழக்கிழமை எங்க காகித மில்லுக்கு ஒரு பெரிய மனுஷர் வந்தாரு. யாருன்னு நினைக்கிற? சாட்சாத் உன் சின்ன அத்தான். என் சகலை. கம்பெனி கார்ல வந்து இறங்கி, முகம் பார்த்துத் தலை சீவற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூவோட, நேரா மேனேஜர் ரூமுக்குள்ள போயிட்டான். இருபத்திரண்டு வருஷமா இந்த மில்லுல ஒவ்வொரு பேரிங்குக்கும் கிரீஸ் வைக்கற ஃபோர்மேன் நான். அந்த ரூம்ல எனக்கு ஒரு நாளும் நாற்காலி போட்டதில்ல. அவன் உட்கார்ந்த உடனே டீ வருது. என்னையும் கூப்பிட்டு விட்டாங்க. போய் அலமாரி ஓரமா நின்னேன். "அண்ணே, நீங்க உட்காருங்க"ன்னு இவன் எழுந்திரிக்கிறான். அவன் வீட்டு ரூம் பாரு, எனக்கு இடம் குடுக்க.

மில்லு முழுக்க அவன் கம்பெனி கிரீஸுக்கு மாத்தணுமாம். அவன் விக்கிற சரக்கு, அவன் சொல்லத்தான் செய்வான். ஒரு வழவழ தாளை மேஜையில விரிச்சான். தேய்மான சோதனைன்னு தலைப்பு. எங்க பழைய கிரீஸும் அவன் கிரீஸும் பக்கத்துல பக்கத்துல. முதல் வரியில எங்களுது 0.55, அவனுது 0.46. ரெண்டாவது வரியில எங்களுது 250, அவனுது 315. நான் விடுவேனா? தாள் மேல விரலை வச்சே காட்டிட்டேன். ஒரு வரியில நாங்க பெரிசு, ஒரு வரியில நீங்க பெரிசு, ஆளுக்கு ஒண்ணு, அப்புறம் எதுக்கு மாத்தணும்னு கேட்டேன். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாரு. சகலை தாளை மடிச்சுக்கிட்டே, அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ரெண்டும் நல்ல கிரீஸ்தான்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டான். எனக்குத் தலைகால் புரியல.

வீட்டுக்கு வந்து இவ்வளவையும் உங்கக்காகிட்ட சொன்னா, அவ கேட்ட முதல் கேள்வி, அந்த ஷூ என்ன கலர்னு.

ஜூலையில எங்க சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகறாரு. அந்த இடத்துக்கு என் பேர் அடிபடுது. இந்த நேரம் பார்த்து இவன் வந்து என் மில்லுல கொடி நாட்டினா என் கதி என்ன? நாள் முழுக்க கிரீஸை சோதிக்கறதுதானே உன் வேலை. நான் சொன்னது சரின்னு ரெண்டே வரி எழுதிப் போடு. அதை உங்கக்கா காதுல விழற மாதிரி வாசிக்கணும்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கிற,
பெரிய அத்தான்


ஜனவரி 24

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

நலமா இருக்கேன். உங்க தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.

நீங்க கேட்டதுக்கு நேராவே பதில் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த முதல் வரி நாங்க நாலு குண்டு மெஷின்னு சொல்ற மெஷின்ல வர்றது. மூணு சின்ன எஃகு குண்டை ஒரு கிண்ணத்துல அசையாம இறுக்கி, கிரீஸை நிரப்பி, மேல நாலாவது குண்டை வச்சு அழுத்தி ஒரு மணி நேரம் சுத்த விடுவோம். முடிஞ்சதும் கீழ இருக்கிற மூணு குண்டுலயும் தேஞ்ச வட்டம் விழுந்திருக்கும். அதோட அகலத்தை மைக்ராஸ்கோப்ல பார்த்து மில்லிமீட்டர்ல எழுதறோம். அதாவது 0.55ங்கறது காயத்தோட அளவு. காயம் சின்னதா இருந்தாத்தான் கிரீஸ் நல்லாக் காப்பாத்துதுன்னு அர்த்தம்.

ரெண்டாவது வரி வேற சோதனை. எடையைக் கூட்டிக்கிட்டே போவோம். எத்தனை கிலோவுல நாலு குண்டும் சூடேறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதோ, அந்தக் கிலோ. இது பெரிசா இருந்தா நல்லது. ஆக, தாள்ல இருக்கிறபடி பார்த்தா ரெண்டு வரியிலும் சின்ன அத்தான் கிரீஸ்தான் முன்னாடி நிக்குது.

ஆனா தாளை அப்படியே நம்பவும் வேண்டாம். ரெண்டு கிரீஸையும் ஒரே எடை, ஒரே சூடு, ஒரே வேகத்துல சோதிச்சாங்களான்னு கேளுங்க. இல்லைன்னா ரெண்டு நம்பரையும் பக்கத்துல வைக்கறதே தப்பு. அப்புறம், உங்க மில்லு பேரிங் எதுவும் நாலு குண்டு இல்ல. எந்த இடத்துக்கு எந்த கிரீஸ்ங்கறது உங்க கைக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்க மச்சினன்


பிப்ரவரி 2

அன்பு மாப்ளைக்கு,

எல்லாரும் சௌக்கியம். நான் மட்டும் இல்ல.

உன் கடுதாசியை மூணு தடவை வாசிச்சேன், மனசுக்குள்ளேயே. உங்கக்கா என்ன எழுதியிருக்கான்னு கேட்டா. ஒத்தடம் குடுக்கச் சொல்லியிருக்கான்னு சொல்லிட்டேன்.

நான் தப்பாச் சொன்னது எனக்குப் பெரிசில்ல. மனுஷன்னா தப்பு பண்ணுவான். ஆனா அவனுக்குத் தெரியும் பாரு. சோறு போடற நம்பராச்சே, தெரியாம இருக்குமா? அங்கேயே, "அண்ணே, அது சின்னதா இருந்தாத்தான் நல்லது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சிரிச்சு மழுப்பியிருப்பேன். சொல்லல. என் மானத்தைக் காப்பாத்தறானாம். இவன் யாரு என் மானத்தைக் காப்பாத்த? திட்டியிருந்தாக்கூட ஆறிப் போயிருக்கும். இது உள்ளேயே கிடந்து அறுக்குது.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு அவனைப் பார்த்தா வயிறு எரியுது. இன்னிக்கு நேத்து இல்ல. அவன் உன் சின்னக்காவைக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள காலை வச்ச நாள்லேர்ந்து. அதுவரைக்கும் அந்த வீட்டுல ஒரே மாப்பிள்ளை நான்தான். உங்கப்பாவுக்கு ரேடியோ கரகரத்தா என்னைத்தான் கூப்பிடுவாரு, குழாய் ஒழுகினா என்னைத்தான் கூப்பிடுவாரு. இப்பவும் ஒழுகினா என்னைத்தான் கூப்பிடறாரு. நான் குழாயடியில குனிஞ்சு கிடப்பேன், அவன் கூடத்துல உட்கார்ந்து அவர்கூட உலக விஷயம் பேசிக்கிட்டிருப்பான். உங்கக்கா வேற, தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு பதவிசாப் பேசறார்னு எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்லுவா.

மேனேஜர் இப்ப ஒரு யோசனை பண்ணியிருக்காரு. உண்மையில யோசனை என்னுது, நீ எழுதினதை வச்சு நான் சொன்னது. விளம்பரத் தாளை நம்ப வேண்டாம், ரெண்டு கிரீஸையும் நாமளே லேபுக்கு அனுப்பிப் பார்ப்போம். உங்க லேபுக்குத்தான் வருது. அதுபோக, ஈரக் காகிதம் ஓடற பக்கத்துல ஒரு ரோலர் பேரிங்குக்கு மட்டும் அவன் கிரீஸைப் போட்டு மூணு வாரம் ஓட்டிப் பார்க்கணுமாம். போட வேண்டியது யாரு? நான்தான்.

மனசு சரியில்லாத,
பெரிய அத்தான்


பிப்ரவரி 15

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

சுகமா இருக்கேன். அப்பாவுக்கு இருமல் குறைஞ்சிடுச்சுன்னு அம்மா எழுதியிருந்தாங்க.

உங்க மில்லுலேர்ந்து கடிதம் வந்தது. ரெண்டு பேருமே எனக்கு அத்தான்னு எங்க தலைமை அதிகாரிகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். அவர் வெறும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் ஒட்டித்தான் என்கிட்ட தருவாராம். சோதனை முடிஞ்சு கையெழுத்துப் போட்ட பிறகுதான் எது யாருதுன்னு பிரிப்போம். எனக்கும் அதுதான் நிம்மதி.

சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது சீல் உடைக்காத புது டின்னைத் திறந்து, மேல்பரப்பை வழிச்சு எறிஞ்சுட்டு உள்ளேர்ந்து எடுங்க. கரண்டி, டப்பா ரெண்டும் சுத்தமா இருக்கணும். விரல் படக்கூடாது. ஒரு தூசி போதும், அது குண்டுக்கு நடுவுல போய் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும். அப்புறம் வர்ற நம்பர் கிரீஸோடது இல்ல, தூசியோடது.

சின்ன அத்தான் போன ஞாயித்துக்கிழமை என் ரூமுக்கு வந்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் இருந்தார். நல்லா இருக்கார். உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் பேசினார். வேற விசேஷம் இல்ல.

அன்புடன்,
மச்சினன்


மார்ச் 11

அன்பு மாப்ளைக்கு,

நலம், நலமே விழைகிறேன்னு வாத்தியார் சொல்லிக்குடுத்த மாதிரி எழுதிட்டேன், திருப்தியா?

ரெண்டு டப்பாவும் நேத்து பார்சல்ல போயாச்சு. டப்பாவை நானே சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காயவச்சு, மூடியைக்கூடத் துணியால துடைச்சேன். வேற ஆளை நம்பி விடலை. ஒண்ணுல எங்க கிரீஸ், ஒண்ணுல அவன் கிரீஸ். அவனுது அவனுதுதான், அதுல உனக்குச் சந்தேகமே வேண்டாம். லேபிள்ல அவன் கம்பெனி பேரை என் கையாலேயே எழுதினேன்.

ஈரப் பக்கத்து ரோலர் மூணு வாரம் ஓடி முடிஞ்சது. அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. மேனேஜரும் கேட்கல.

அவன் உன் ரூமுக்கு வந்தது எதுக்கு? சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பேச என்ன இருக்கு? நான் வந்தா ஒரு காபியோட அனுப்பிடுவ. சும்மா கேட்டேன்.

பெரிய அத்தான்


ஏப்ரல் 8

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

உங்க எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கும்னு நம்பறேன். பதில் எழுத ஒரு மாசம் ஆயிடுச்சு. மன்னிக்கணும்.

ரிப்போர்ட் உங்க மில்லுக்குப் போயாச்சு. நம்பர் ஒண்ணு, 0.54. நம்பர் ரெண்டு, 1.04. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை ஓட்டினேன். கையெழுத்துப் போட்டப்புறம் பிரிச்சோம். ஒண்ணு உங்க பழைய கிரீஸ், ரெண்டு சின்ன அத்தானோடது.

எங்களுக்கு வந்த சாம்பிள் எப்படி இருக்கோ அப்படியே சோதிக்கறதுதான் எங்க விதி. அதனால நம்பரை நான் மாத்த முடியாது. ஆனா குறிப்புப் பகுதியில ஒரு வரி எழுதியிருக்கேன். நிறம் சாம்பல், நார் காணப்பட்டதுன்னு. சின்ன அத்தான் கம்பெனி கிரீஸ் எனக்குத் தெரியும், அது நல்ல நீலம். மைக்ராஸ்கோப்ல பார்த்தப்ப காகிதக் கூழோட நார் மாதிரி பொடிப்பொடியா இருந்தது. தண்ணியும் கலந்திருந்தது.

அத்தான், உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. அந்த டப்பாவுல இருந்தது அப்பதான் சீல் உடைச்ச புது டின்லேர்ந்து எடுத்ததுதானா? கரண்டி எங்கேயாவது பட்டிருக்கலாம். மில்லுல தூசி பறக்கும், யாருக்கும் நடக்கறதுதான். மாதிரி எடுத்ததுல தவறுன்னு மில்லுலேர்ந்து ஒரு வரி எழுதினா, மறுபடி சோதிச்சு இந்த ரிப்போர்ட்டை ரத்து பண்ண எங்களால முடியும்.

பதில் எழுதுங்க.

மச்சினன்


ஏப்ரல் 16

அன்பு மாப்ளைக்கு,

நானும் உங்கக்காவும் அமோகமா இருக்கோம். தோள்பட்டை வலிகூடப் போயிடுச்சு.

ரிப்போர்ட் வந்த அன்னிக்கு நீ இங்க இருந்திருக்கணும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாரு. உட்கார்ந்தேன் மாப்ள. 1.04க்கு அடியில சிவப்பு மையில ஒரு கோடு போட்டாரு. கீழ இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் யாரு படிக்கிறா? இவ்வளவு பெரிய காயமா, நல்லவேளை தப்பிச்சோம்னாரு. ஜூலையில பார்த்துக்கலாம்னு ஒரு வார்த்தையும் சொன்னாரு. என்னத்தைப் பார்த்துக்கப் போறாருன்னு உனக்குத் தெரியும்தானே.

ரெண்டு நாள் கழிச்சு சகலை வந்தான். கார் இல்ல, பஸ்ல. கார் சர்வீஸுக்குப் போயிருக்காம். வெளி பெஞ்சுல ஒன்றரை மணி நேரம் உட்கார வச்சாரு மேனேஜர். நான் அந்தப் பக்கமா வேலை இருக்கிற மாதிரி நாலு தடவை போய் வந்தேன். உள்ள போனவன் அஞ்சு நிமிஷத்துல வெளியே வந்துட்டான். என்கிட்ட வந்து, அண்ணே தோள்பட்டை எப்படி இருக்குன்னு கேட்டான். வேற ஒண்ணும் கேட்கல. பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போயிட்டான்.

உங்கக்காவுக்குத்தான் மனசு கேட்கல. ரெண்டு நாளாத் தங்கச்சி, தங்கச்சின்னு புலம்பறா. வியாபாரம்னா ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்னு சொன்னேன்.

பத்து வருஷமா நான் எதிர்பார்த்த நாள் இது. ஏனோ தெரியல, அன்னிக்குச் சாப்பாடு இறங்கல.

பெரிய அத்தான்


மே 9

அன்பு மாப்ளைக்கு,

சௌக்கியமா? உன்கிட்டேர்ந்து மூணு வாரமாப் பதில் இல்ல. உடம்புக்கு ஏதாவதா? உங்கக்கா கேட்கச் சொன்னா. லேப்ல வேலை ஜாஸ்தியா இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்.

போன கடுதாசி வந்து சேர்ந்துதா, இல்ல தபால்காரர் எங்கேயாவது தொலைச்சிட்டாரா? அப்படி இருந்தா அதுல இருந்ததையெல்லாம் மறுபடி எழுதறேன். விசேஷமா ஒண்ணுமில்ல.

ஒரு வரி போடு.

பெரிய அத்தான்


ஜூன் 3

மாப்ள,

சேம லாபம் விசாரிக்கற தைரியம் இல்ல. நீ எழுத மாட்டேன்னு புரிஞ்சுபோச்சு. ஒரு கேள்வி கேட்டிருந்த. நான் அதை மறந்துட்ட மாதிரி வேற எல்லாத்தையும் எழுதினேன். மறக்கல.

புது டின்லேர்ந்து எடுக்கல. மூணு வாரம் ஓடின ரோலர்ல, பேரிங் சீல் ஓரமா கசிஞ்சு வெளிய நிக்குமே, தண்ணியும் கூழும் கலந்து, அதை விரலால வழிச்சுப் போட்டேன். புது டின் பக்கத்துலயேதான் இருந்தது. திறந்தும் வச்சிருந்தேன். நீலமா, பளிச்சுனு, கை வைக்காம இருந்தது. அதைப் பார்த்தேன், அவன் ஷூ ஞாபகம் வந்தது. கை தானா ரோலர் பக்கம் போயிடுச்சு. அவன் கிரீஸ்தானே, பொய் ஒண்ணும் எழுதலையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். டப்பாவை அவ்வளவு சுத்தமாக் கழுவினேன்னு எழுதினேனே, அது நிஜம். அதுக்குள்ள போட்டதுதான் அழுக்கு.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். அந்த மூணு வாரமும் தினம் பேரிங் சூட்டைப் பார்த்துச் சீட்டுல எழுதணும்னு உத்தரவு. எழுதினேன். எங்க கிரீஸ் போட்டு ஓடினப்ப அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு காட்டும். அவன் கிரீஸ் போட்டப்புறம் ஒரு நாள்கூட அம்பது டிகிரியைத் தாண்டல. சூடு குறைஞ்சா பேரிங் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். என் கையெழுத்துலயே இருக்கு. மேனேஜர் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தோட சரி, சீட்டைக் கேட்கல. நானும் குடுக்கல. என் டிராயர்ல கிடக்கு. டிராயரைத் திறக்கறதையே விட்டுட்டேன்.

திட்டணும்னா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காத.

பெரிய அத்தான்


ஜூன் 10

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

உடம்பு நல்லாத்தான் இருக்கு. எழுதாததுக்கு வேலை காரணம் இல்ல. கோபம்தான். குண்டைத் துடைச்சு லென்ஸுக்கு அடியில வச்ச நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் பார்த்தேன்.

சின்ன அத்தான் கம்பெனியோட சீல் உடைக்காத டின் ஒண்ணு எங்க லேப்ல இருந்தது. வேலை முடிஞ்சப்புறம் தலைமை அதிகாரிகிட்ட அனுமதி வாங்கி அதை ஓட்டிப் பார்த்தேன். 0.47 வந்தது. உங்களுது 0.54. இதுல நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு அத்தான். ஒரே டின்லேர்ந்து ஒரே கிரீஸை எடுத்து ரெண்டு நாள் ஓட்டினாலே இந்த மெஷின் அவ்வளவு வித்தியாசம் காட்டும். 0.47ம் 0.54ம் எங்களுக்கு ஒண்ணுதான். தேய்மானத்துல ரெண்டு கிரீஸுக்கும் சண்டையே இல்ல. எடை சோதனையும் பண்ணினேன், விளம்பரத் தாள்ல இருந்த மாதிரியே வந்தது. அதிக பளுவுலயும் தண்ணிப் பக்கத்துலயும் அவரோடது மேல், அதைத்தான் உங்க சீட்டும் சொல்லுது. உலர்ந்த பக்கத்துக்கு உங்க பழைய கிரீஸே போதும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுக்காகத்தான் இத்தனையும்.

இப்ப நான் உங்ககிட்ட மறைச்சதைச் சொல்றேன். பிப்ரவரியில சின்ன அத்தான் என் ரூமுக்கு வந்தது விருந்துக்கு இல்ல. அவர் கையிலிருந்த ரெண்டு ஆலை அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. உங்க மில்லும் கிடைக்கலைன்னா வேலை இல்லைன்னு கம்பெனியில சொல்லியிருந்தாங்க. என்கிட்ட சொல்லிட்டு, உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினார். "அண்ணன் பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போட்டா, அப்புறம் அவர் முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது"ன்னார். கார் சர்வீஸுக்குப் போகல. மார்ச் கடைசியிலேயே திருப்பி வாங்கிட்டாங்க. இந்த மாசம் முப்பதாம் தேதியோட அவர் வேலையும் முடியுது. சின்னக்காவுக்கு இன்னும் தெரியாது.

மில்லு கேட்காம லேப் தானா ரிப்போர்ட்டை மாத்தாது. மாதிரி தப்புன்னு மாதிரி எடுத்தவர்தான் சொல்லணும். நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க எனக்குப் பெரியவர். என்ன செஞ்சீங்கன்னு மட்டும் எழுதுங்க.

மச்சினன்


ஜூன் 24

அன்பு மாப்ளைக்கு,

உயிரோட இருக்கேன். உங்கக்கா நலம்னு சொல்ல முடியாது, என்கிட்டப் பேசி ஒரு வாரம் ஆகுது. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தட்டைக் கொண்டாந்து வைக்கிறா, எடுத்துட்டுப் போறா.

உன் கடுதாசி வந்த மறுநாள் காலையில டிராயரைத் திறந்து சீட்டை எடுத்துக்கிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். நாற்காலியைக் காட்டினாரு. நின்னுக்கிட்டே சொன்னேன். அந்த டப்பாவுல போனது புது கிரீஸ் இல்ல, ஓடிக் கழிஞ்சது, தெரிஞ்சேதான் அனுப்பினேன்னு. அவர் நம்பல. யாரையோ காப்பாத்தப் பார்க்கிறேன்னு நினைச்சாரு. சீட்டை முன்னாடி வச்சேன். ஒவ்வொரு நம்பரா விரலை வச்சுப் பார்த்துட்டு, ஏன் இப்படிச் செஞ்சன்னு கேட்டாரு.

"பொறாமை சார்."

வேற என்ன சொல்ல? வரும்போது வழியெல்லாம் ஏதேதோ காரணம் தயார் பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். வாயில வந்தது அதுதான். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. இதை ஃபைல்ல எப்படி எழுதறதுன்னு கேட்டாரு. மாதிரி எடுத்ததில் தவறு, எடுத்தவர் ஃபோர்மேன்னு எழுதுங்கன்னேன். அப்படியே எழுதி உங்க லேபுக்கு அன்னிக்கே அனுப்பிட்டாரு. அவன் கம்பெனிக்கும் போன் பண்ணிச் சொன்னாரு. ஈரப் பக்கம் முழுக்க அவன் கிரீஸ், உலர்ந்த பக்கம் பழையது. நீ எழுதினதையும் என் சீட்டையும் வச்சுத்தான் முடிவு பண்ணினாரு. அவன் வேலை நின்னுடுச்சு. போகாம நின்னுடுச்சுன்னு சொல்றேன்.

சூப்பர்வைசர் இடம் எனக்கு இல்ல. பாய்லர் பக்கத்து ஆளுக்குப் போகுது, என்னைவிட ஏழு வருஷம் சின்னவன். நான் கேட்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல, நோட்டீஸ் போர்டுல பார்த்துக்கிட்டேன்.

சகலை திங்கக்கிழமை ஆர்டரை வாங்க வந்தான். நானே மில் வாசலுக்குப் போய் அவனை நிறுத்தி, மேனேஜர் வாயால வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். அவன் கையை ஓங்கல. கையில இருந்த பையை இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டான். மார்ச்சுல காரைக் குடுத்துட்டு நடந்து வீட்டுக்குப் போனேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்ததுன்னு சொன்னான். அவ்வளவுதான். உள்ள போய் ஆர்டரை வாங்கிட்டு வந்தான், பஸ் வந்தது, ஏறிட்டான். அவன் போனப்புறம் ரோலருக்குப் புது கிரீஸ் வச்சேன். நல்ல கிரீஸ் மாப்ள. கிரீஸ் அடிக்கற கன்னுல கையை வச்சாலே தெரியுது.

திருந்திட்டேன்னு நினைச்சுடாத. ஆர்டர் தாளைப் பையில வச்சுக்கிட்டு அவன் ஏறினப்பவும் எனக்கு எரிஞ்சது.

ஒண்ணு பாக்கி இருக்கு. அவன் நிலைமையை நீ பிப்ரவரியிலேயே என்கிட்ட சொல்லியிருந்தா நான் இந்தக் காரியத்தைப் பண்ணியிருக்கவே மாட்டேன்னு உனக்கு எழுதணும்னுதான் பேனாவை எடுத்தேன். எழுதி எழுதி அடிச்சேன், இந்தத் தாளோட பின்பக்கம் பாரு, மூணு இடத்துல அடிச்சிருக்கு. நிஜம் என்னன்னா எனக்குத் தெரியல. அவன் விழற இடத்துல நிக்கிறான்னு தெரிஞ்சிருந்தா, மூணு வாரம் ஆகட்டும்னுகூடக் காத்திருக்காம அந்த டப்பாவை முதல் வாரமே அனுப்பியிருப்பேனோன்னு பயமா இருக்கு. நீ சொல்லாம இருந்ததே நல்லது.

உன்,
பெரிய அத்தான்